காலை ஐந்தரைக்கு மாறிவிடும் இருப்பு

இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தம்பி ஒருவர் திருகோணமலை மத்திய வீதியில் அக்காவோடு சேர்ந்து கருவாடு, பனங்கட்டி, ஒடியல் மா விற்கிறார். இணையக் கடை நடத்த உதவும் ஷொப்பிஃபை தளத்தில் ஒரு கடை இருக்கிறது. கடை மேசையில் பில் அடிக்க ஒரு செயலி, வெளிச் சந்தைத் தளம் ஒன்றுக்கு இருப்பை அனுப்ப ஒரு செயலி, நெத்தலியின் கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ பைக்கற்றுகளை ஒரே மூட்டையிலிருந்து கணக்கிட இன்னொரு செயலி. மாலையில் பார்த்தால் தட்டில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டுகிறது, காலையில் பார்த்தால் கூடுதலாகக் காட்டுகிறது. அரைக் கிலோ கட்டாக் கருவாட்டை இரவு 14 என்று திருத்திவிட்டுப் படுத்தால் விடிய 20. இல்லாத பைக்கற்றுகளுக்கு ஓடர் விழுந்து, வாங்கியவர்களை அழைத்து மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. மூன்று செயலிக்காரர்களும் தங்களில் பிழையில்லை என்கிறார்கள். எதைக் கழற்றுவது என்று கேட்கிறார்.

தம்பி, இப்போதைக்கு எதையும் கழற்றாதீர்கள். எண்ணைத் திருத்துவதையும் நிறுத்துங்கள். நீங்கள் திருத்தும் ஒவ்வொரு முறையும் நாலு பேர் எழுதும் தாளில் ஐந்தாவது ஆளாக எழுதுகிறீர்கள். யார் எழுதியது என்ற தடயம் இன்னும் கலங்கிப்போகிறது. கூட்டல் கழித்தலில் வந்த பிழை அல்ல இது. ஒரே எண்ணுக்குப் பல சொந்தக்காரர்கள் இருப்பதால் வருவது. யார், எப்போது, எப்படி எழுதுகிறார் என்று கண்டுபிடித்தால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும்.

செயலிகள் இருப்பை மாற்றும் விதம் இரண்டுதான். ஒன்று, "3 குறை" என்று சொல்வது. மற்றது, "9 ஆக்கு" என்று சொல்வது. கடையில் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா ஒவ்வொரு விற்பனையையும் கழித்தலாக எழுதிக்கொண்டு போகிறார். நீங்களும் அப்படியே எழுதினால் எத்தனை பேர் எழுதினாலும் கடைசிக் கணக்கு சரியாகவே வரும். ஆனால் நீங்கள் கீழே உள்ள மொத்தத்தை அழித்துவிட்டு உங்கள் தலையில் இருக்கும் மொத்தத்தை எழுதினால் அக்கா எழுதியது முழுக்கப் போய்விடும். 12 பைக்கற் இருக்கும்போது கடையில் 3, இணையத்தில் 2 விற்கிறது. இரண்டு செயலியும் 12 ஐப் படித்துவிட்டுத்தான் கணக்குப் போடுகின்றன. ஒன்று 9 என்று எழுதுகிறது. அடுத்த விநாடி மற்றது 10 என்று எழுதுகிறது. உண்மையில் இருப்பது 7. இரண்டின் கணக்கும் அதனதன் அளவில் சரி. அதனால்தான் மூன்று செயலிக்காரர்களும் உங்களிடம் பொய் சொல்லாமலே "எங்களில் பிழையில்லை" என்கிறார்கள்.

இனி உங்கள் கட்டாக் கருவாட்டுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்ட விடயங்கள் மூன்று. எண் மாறிய நேரம் காலை 5.31. மாறிய அளவு 6. அன்று கட்டி வைத்தும் கூரியருக்குக் கொடுக்காமல் கிடந்த பொதிகளும் 6.

நேரத்தை முதலில் எடுப்போம். காலை ஐந்தரைக்குக் கடை பூட்டிக் கிடக்கும், கைபட்டு மாறியிருக்க வழியில்லை. இலங்கை நேரம் உலகப் பொது நேரமான யூ.டி.சி.யை விட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. வெளிநாட்டு சேர்வர்களில் ஓடும் செயலிகள் பெரும்பாலும் யூ.டி.சி. நேரத்தில்தான் அட்டவணை போடும். அங்கே நள்ளிரவு 12 மணி என்றால் நமக்குக் காலை 5.30. ஆகவே 5.31 இல் வந்தது ஏதோ ஒரு செயலியின் இரவு நேர முழு ஒத்திசைவு, அதாவது தன்னிடமுள்ள எண்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கடைக்குள் எழுதும் வேலை. இதையே இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு மணித்தியாலமும் அரை மணிக்கு, அதாவது 9.30, 10.30, 11.30 என்று எண் மாறினால் அதுவும் யூ.டி.சி.யில் மணிக்கொரு முறை ஓடும் வேலையாகத்தான் இருக்கும். செயலிக்காரரிடம் பேசும்போதும் இது முக்கியம். "காலை 5.31" என்று எழுதினால் அவர் தன் பதிவேட்டில் 5.31 ஐத் தேடிப்பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பார். "யூ.டி.சி. 00:01" என்று எழுதுங்கள்.

ஷொப்பிஃபையில் பொருளின் பக்கத்தைத் திறந்து இருப்பு வரலாற்றுக்குப் போனால் எந்த நேரத்தில், என்ன காரணத்தால், யாரால் மாறியது என்று வரிவரியாக இருக்கும். ஆள் திருத்தினால் ஆளின் பெயர் வரும், செயலி திருத்தினால் செயலியின் பெயர் வரும். அந்த 5.31 வரிக்கு எதிரே பில் செயலியின் பெயர்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. போய்ப் பாருங்கள். அப்படியில்லை என்றால் இதற்குப் பிறகு நான் சொல்வதை அந்தச் செயலிக்குப் பொருத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த 6. ஷொப்பிஃபை ஒரு பொருளுக்கு ஓர் எண்ணை வைப்பதில்லை. கையிருப்பு என்று ஒன்று, ஓடர் விழுந்து இன்னும் அனுப்பாதவை என்று ஒன்று, விற்கமுடியாதவை என்று ஒன்று, இவற்றைக் கழித்து மிஞ்சும் விற்கக்கூடியவை என்று ஒன்று. ஆங்கிலத் திரையில் ஒன் ஹேண்ட், கொமிட்டட், அனவெய்லபிள், அவெய்லபிள் என்று இருக்கும். உங்கள் தட்டில் 20 பைக்கற் இருந்தது. அதில் 6 ஏற்கெனவே வேறொருவருக்குச் சொந்தம். விற்கக்கூடியது 14. நீங்கள் இரவு எழுதிய 14 முழுக்கச் சரி. பில் செயலிக்கு ஓடர் விழுந்த கதையே தெரியாது, அதன் கணக்கில் 20 தான். அது விடிய 5.31 க்கு வந்து அந்த 20 ஐ விற்கக்கூடியது என்ற இடத்தில் எழுதிவிட்டுப் போகிறது. உடனே கையிருப்பு 26 ஆகிவிடும். தட்டில் 20, திரையில் 26. அந்த ஆறு பேய்ப் பைக்கற்றுகளைத்தான் நீங்கள் விற்றுவிட்டு மன்னிப்புக் கேட்கிறீர்கள்.

மாலையில் ஏன் குறைகிறது? அதற்கும் பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பொதி அனுப்பும்போது, கணக்கு விட்டுப்போகக் கூடாது என்று அக்கா அதற்குக் கடை மேசையிலும் பில் அடிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் ஓடர் விழுந்தபோதே ஷொப்பிஃபை விற்கக்கூடியதில் 6 ஐக் கழித்துவிட்டது. அக்கா பில் அடித்ததும் அந்தச் செயலி "கடையில் 6 விற்றது, 6 குறை" என்று இன்னொரு முறை சொல்கிறது. 14 இருக்க வேண்டிய இடத்தில் 8 காட்டும். விடிந்ததும் முழு ஒத்திசைவு வந்து திரும்ப ஏற்றிவிடும். பகலில் இரட்டைக் கழிவு, விடியலில் அழித்தெழுதல். ஏறுவதும் இறங்குவதும் ஒரே செயலியின் வேலை என்பதால்தான் உங்களுக்குத் தலை சுற்றியிருக்கிறது.

நான் சொல்வதை நம்பிக் கைவைக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். மெதுவாக விற்கும் பொருள் ஒன்றை, உதாரணமாக ஒடியல் மாவை, எடுங்கள். இரவு கடை பூட்டியதும் அதன் இருப்பை வேறெங்கும் வர வாய்ப்பில்லாத எண்ணாக, 37 என்று, மாற்றுங்கள். நேரத்தைக் கொப்பியில் குறியுங்கள். அதை யாரும் விற்க வேண்டாம். விடிய 37 நின்றால் அந்தப் பொருளை யாரும் அழித்தெழுதவில்லை. பழைய எண் திரும்பியிருந்தால் மொத்தத்தை எழுதும் செயலி ஒன்று இருக்கிறது, வரலாற்றில் அதன் பெயரும் நிமிடமும் இருக்கும். அடுத்த இரவு அந்தச் செயலியின் ஒத்திசைவை மட்டும் நிறுத்திவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஒரு இரவுக்கு ஒரு செயலி. அவசரத்தில் இரண்டை ஒன்றாக நிறுத்தினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

நிறுத்துங்கள் என்றுதான் சொல்கிறேன், நீக்குங்கள் என்று சொல்லவில்லை. இதில் நான் பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் படகு எஞ்சின் உதிரிப்பாகக் கடை இருந்தது. அதன் இணையக் கடையில் இதே மாதிரி ஒரு குழப்பம் வந்தபோது, ஒரு செயலியை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டால் சரியாகும் என்று உதவிப் பிரிவில் சொன்னார்கள். செய்தேன். திரும்பப் போட்டவுடன் முதல் ஒத்திசைவு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் என்று கேட்டது. அவசரத்தில் பிழையான திசையை அழுத்திவிட்டேன். செயலிக்குள் கிடந்த பழைய எண்கள் அத்தனையும் கடைக்குள் வந்து இறங்கின. எல்லாவற்றையும் திரும்ப எண்ணி முடிக்க மூன்று இரவு போனது, எங்களிடம் ஒன்றுகூட மிச்சமில்லாத காற்றாடிக்கு இரண்டு மீனவர்கள் காசு கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். கடலுக்குப் போக முடியாமல் நின்ற அவர்களிடம் பேசியது இன்னும் மனதில் இருக்கிறது. ஆகவே முதல் ஒத்திசைவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன் திசையை இருமுறை வாசியுங்கள். அதற்கும் முன் இருப்பு முழுவதையும் சி.எஸ்.வி. எனப்படும் பட்டியல் கோப்பாக ஏற்றுமதி செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

நெத்தலி வேறு நோய். அதை இதனோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். 18 கிலோ மூட்டை என்றால் அந்தக் கணக்குச் செயலி கால் கிலோவுக்கு 72, அரைக் கிலோவுக்கு 36, ஒரு கிலோவுக்கு 18 என்று காட்டும். கடையில் கால் கிலோ நான்கு விற்றால் மூட்டை 17 கிலோ ஆகி மூன்றும் 68, 34, 17 என்று இறங்க வேண்டும். ஆனால் பில் செயலிக்கு மூட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்கு அவை மூன்று தனிப் பொருள்கள். அதன் கணக்கில் கால் கிலோ 68, அரைக் கிலோ 36, ஒரு கிலோ 18. இந்த மூன்றையும் அது எழுதும்போது மூட்டைச் செயலிக்கு மூன்று செய்தி போகிறது. முதலாவது 17 கிலோ என்கிறது, மற்ற இரண்டும் 18 கிலோ என்கின்றன. கடைசியாக வந்த செய்தி வெல்லும். அது தன் பங்குக்கு மூன்றையும் திரும்ப எழுதும், அந்த மாற்றத்தைச் சந்தைத் தளச் செயலி பார்த்து அங்கே அனுப்பும். நாள் முழுக்க எண் துள்ளுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அது இதுதான். வரலாற்றில் இரண்டு பெயர்கள் சில விநாடி இடைவெளியில் மாறிமாறி வந்தால் சந்தேகமே வேண்டாம்.

கழற்ற வேண்டியது ஒன்று இருக்கிறது என்றால் அது இந்த மூட்டைச் செயலிதான், ஆனால் மற்றதெல்லாம் அடங்கிய பிறகு. காரணம் சொல்கிறேன். நீங்கள் ஓடர் வந்த பிறகு மூட்டையிலிருந்து நிறுத்துக் கட்டுவதில்லை. காலையில் கட்டித் தட்டில் அடுக்குகிறீர்கள். கட்டி ஒட்டிய பைக்கற் ஒரு தனிப் பொருள், அதைப் பிரித்து வேறு அளவாக விற்கமாட்டீர்கள். அப்படியென்றால் தட்டில் இருப்பதை எண்ணி மூன்று தனி இருப்பாக வைப்பதே உண்மைக்கு நெருக்கம். மூட்டையின் எடை கொப்பியில் இருக்கட்டும். கருவாட்டு மூட்டையின் எடை அதன்பாட்டில் நிற்பதும் இல்லை. வெயில் காலத்தில் காய்ந்து குறையும், மாரியில் ஈரம் பிடிக்கும். 18 கிலோ என்று வாங்கியது கட்டி முடிக்கும்போது 18 ஆக இராது. அந்த வித்தியாசத்தை எந்தச் செயலியாலும் அறிய முடியாது. அதையும் செயலியின் தலையில் போட்டுத் தேடினால் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, யாருக்கு எண்ணைக் கொடுப்பது? என் தீர்மானம் இது. எல்லா விற்பனையையும் கேட்கக்கூடிய இடம் எதுவோ அதுதான் எண்ணுக்குச் சொந்தக்காரர். மற்றவை எல்லாம் கூட்டல் கழித்தலை மட்டும் சொல்ல வேண்டும், அல்லது வெறுமனே படித்துக்கொண்டு போக வேண்டும். மொத்தத்தை எழுத மட்டுமே தெரிந்த செயலி ஒன்றிருந்தால், ஒன்று அதுவே சொந்தக்காரர், இல்லையென்றால் அதற்கு எழுதும் உரிமையே கிடையாது. நடுவில் ஒரு நிலை வைக்க முடியாது.

உங்கள் கடைக்கு நான் ஷொப்பிஃபையையே சொந்தக்காரராக வைப்பேன். ஓடர் விழுந்து அனுப்பாதவற்றை அது தனியாக வைத்துப் பார்க்கிறது, வரலாறும் அதில்தான் இருக்கிறது. பில் செயலியின் இரவு முழு ஒத்திசைவை அணையுங்கள், விற்பனையை மட்டும் அனுப்பும் முறைக்கு மாற்றுங்கள். இணைய ஓடர்களுக்கு அக்கா கடை மேசையில் பில் அடிப்பதை நிறுத்தட்டும். வாங்கியவருக்குக் காகிதம் வேண்டுமென்றால் ஷொப்பிஃபையின் ஓடர் பக்கத்திலிருந்தே அச்சடிக்கலாம். சந்தைத் தளச் செயலி ஷொப்பிஃபையிலிருந்து எண்ணைப் படித்து வெளியே அனுப்பட்டும், அங்கே விற்றதை ஓடராக உள்ளே கொண்டுவரட்டும். அது இருப்பு எண்ணை நேராக உள்ளே எழுதக் கூடாது.

பில் செயலியில் அந்த இரவு வேலையை அணைக்கவே வழியில்லை என்றால் தலைகீழாகச் செய்ய வேண்டும். அதைச் சொந்தக்காரர் ஆக்குங்கள். அப்போது இணையத்தில் ஓடர் விழுந்த அந்த நொடியே அது பில் செயலிக்குள் போய் அங்கே கழிய வேண்டும். பொதி அனுப்பும் நேரத்தில் கழிந்தால் பிந்திவிட்டது. ஓடரை உள்ளே இழுக்கும் வசதி அதில் இல்லையென்றால் செயலியை மாற்றத்தான் வேண்டும். மாதக் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்றே சொல்வேன், ஒவ்வொரு பிழை விற்பனைக்கும் ஒரு வாடிக்கையாளர் போகிறார்.

இன்னும் சில இடங்களில் கைவைத்துப் பார்க்க வேண்டும். உப்புவெளி வீட்டில் கொஞ்சச் சரக்கு வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். ஷொப்பிஃபையில் அதைத் தனி இடமாகப் பதிந்திருந்தால், பில் செயலி எந்த இடத்துக்கு எழுதுகிறது என்று பாருங்கள். கடைச் சரக்கின் எண்ணை வீட்டு இடத்தில் எழுதினால் இணையக் கடை இரண்டையும் கூட்டிக் காட்டும். எண் திடீரென்று கிட்டத்தட்ட இரட்டிப்பானால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எஸ்.கே.யூ. எனப்படும் பொருட் குறியீடு இன்னொன்று. செயலிகள் ஒரு பொருளை மற்றதோடு பொருத்துவது பெரும்பாலும் இதை வைத்துத்தான். இரண்டு பொருளுக்கு ஒரே குறியீடு விழுந்திருந்தால் பனங்கட்டி விற்கும்போது ஒடியல் மா குறையும். கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டியிருந்தாலும் சில செயலிகளுக்கு அது வேறு பொருள். பட்டியலை எக்செல்லில் திறந்து திருத்துபவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 007 என்ற குறியீட்டை எக்செல் 7 ஆக்கிவிடும். 479 என்று தொடங்கும் நம் நாட்டு 13 இலக்கப் பார்கோட்டை 4.79E+12 என்று சுருக்கிக் காட்டும், அப்படியே சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால் பார்கோட் போனதுதான். கோப்பை எக்செல்லுக்குள் இறக்கும்போதே அந்த நிரலை, அதாவது குறியீடு இருக்கும் நெடுவரிசையை, எழுத்து வடிவமாக வையுங்கள்.

கடையில் கரண்ட் அல்லது இணையம் போகும் நேரத்தையும் குறியுங்கள். சில பில் செயலிகள் இணையம் இல்லாதபோது விற்பனையைத் தமக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் ஒரேயடியாக அனுப்பும். கழித்தலாக அனுப்பினால் சிக்கலில்லை. இரண்டு மணித்தியாலம் பழைய மொத்தமாக அனுப்பினால், அந்த நேரத்தில் இணையத்தில் விற்றதெல்லாம் அழிந்துவிடும். செய்தி ஒரே நிகழ்வுக்கு இருமுறை வருவதும் உண்டு. வெப்ஹூக் எனப்படும் அந்தத் தானியங்கிச் செய்தியை, பதில் வர நேரமானால் ஷொப்பிஃபை திரும்ப அனுப்பும். வரிசை மாறியும் வரலாம். ஏற்கெனவே பார்த்த செய்திதானா என்று சரிபார்க்காத செயலி இருமுறை கழித்துவிடும். வரலாற்றில் ஒரே ஓடருக்கு இரண்டு கழித்தல் இருந்தால் அதுதான். நீங்களாகத் திருத்தக்கூடியதல்ல, ஆனால் படம் பிடித்து அனுப்பினால் செயலி எழுதியவர் மறுக்க முடியாது.

திரும்பி வரும் பொதிகள் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பாதிக்கு மேல் பொருளைக் கையில் வாங்கியபின் காசு கொடுக்கும் ஓடர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கதவு திறக்காததால் திரும்பி வரும் பொதிகள் இருக்கத்தான் செய்யும். ஓடரை ரத்துச் செய்யும்போது இருப்பில் சேர்க்கவா என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும், அதைத் தட்டிவிடுகிறீர்கள். பொதி வந்து சேர்ந்ததும் அக்கா கடை மேசையில் திரும்பியது என்று இன்னொரு முறை ஏற்றுகிறார். ஒன்று போய் இரண்டாகிவிட்டது. ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பொதி கைக்கு வரும்வரை ஏற்றக் கூடாது, வந்தபின் ஒருவர் ஒரே இடத்தில் ஏற்ற வேண்டும். கருவாடு என்றால் ஏற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு கிழமை கூரியர் வாகனத்தில் சுற்றிவிட்டு வந்த பைக்கற்றை இன்னொருவருக்கு அனுப்புவது சரியில்லை. விற்கமுடியாதவை என்ற பகுதியில் பழுது என்று ஓர் இடமிருக்கிறது, அங்கே போடுங்கள். கணக்கிலும் இருக்கும், விற்பனைக்கும் போகாது.

இணையக் கடைக்கு ஷொப்பிஃபைக்குப் பதிலாக வூகொமர்ஸ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு இரண்டு வார்த்தை. அங்கே பொருளுக்கென்று இருப்பு வரலாறு இயல்பாக இல்லை, ஆனால் ஒவ்வொரு ஓடரின் குறிப்புகளிலும் இருப்பு எத்தனையிலிருந்து எத்தனையாகக் குறைந்தது என்று எழுதியிருக்கும். அதை வைத்துத் தேடலாம். வங்கியில் காசு போடுகிறேன் என்று சொல்லும் ஓடர் ஒன்-ஹோல்ட் எனப்படும் நிறுத்திவைத்த நிலைக்குப் போகும்போதே இருப்பு கழிந்துவிடும். காசு வராவிட்டாலும் நீங்கள் கையால் ரத்துச் செய்யும்வரை அது திரும்பாது. கட்டணம் செலுத்தாத ஓடர்களை 60 நிமிடம் போன்ற ஒரு நேரத்துக்குப் பின் தானாக ரத்துச் செய்யும் அமைப்பு ஒன்று அங்கே உண்டு, ஆனால் அது பெண்டிங் எனப்படும் கட்டணம் முடியாத நிலையில் உள்ளவற்றை மட்டுமே பார்க்கும். இருப்பு மர்மமாகக் குறைகிறது என்று என்னிடம் வந்தவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

செயலிக்காரர்களுக்கு எழுதும்போது கோபத்தையும் முழுக் கதையையும் எழுதாதீர்கள். ஒரு பொருளின் குறியீடு, யூ.டி.சி. நேரம், எத்தனையிலிருந்து எத்தனையாக மாறியது, வரலாற்றில் உங்கள் செயலியின் பெயர் இருக்கிறது என்பதற்கான படம். அதோடு நேரான கேள்விகள். மொத்தத்தை எழுதுகிறீர்களா, கூட்டிக் கழிக்கிறீர்களா? எந்த இடத்துக்கு எழுதுகிறீர்கள்? கையிருப்பையா, விற்கக்கூடியதையா? எழுதுவதற்கு முன் இருக்கும் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கிறீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். மொத்தத்தை எழுதும்போது "இப்போது 14 இருந்தால் மட்டும் 12 ஆக்கு" என்று நிபந்தனையோடு எழுத ஷொப்பிஃபை வசதி தந்திருக்கிறது. இடையில் யாராவது மாற்றியிருந்தால் அந்த எழுத்து நிராகரிக்கப்படும். அந்த ஒப்பீட்டைத் தவிர்த்துவிட்டு எழுதவும் செயலி எழுதுபவருக்கு வழி இருக்கிறது. உங்கள் செயலிக்காரர் எந்த வழியில் போகிறார் என்பதை அவர் வாயால் சொல்லட்டும்.

இவ்வளவும் முடிந்தபின்தான் எண்ண வேண்டும். ஒரே ஒருமுறை, கடை பூட்டிய பிறகு, எல்லா ஒத்திசைவையும் நிறுத்திவிட்டு, நீங்கள் எண்ண அக்கா எழுத. கட்டி வைத்து அனுப்பாத பொதிகளைத் தனியே ஒரு மூலையில் வையுங்கள். அவை கையிருப்பில் சேரும், விற்கக்கூடியதில் சேராது. ஷொப்பிஃபையில் கையிருப்பு நிரலில் மொத்தத்தை எழுதினால் மற்றதை அது கழித்துக்கொள்ளும். காலை ஐந்தரை தாண்டியதும் முதலில் எண்ணை ஒருமுறை பாருங்கள். நின்றிருந்தால் பில் செயலியை இயக்குங்கள். இரண்டு நாள் விட்டுச் சந்தைத் தளச் செயலியை இயக்குங்கள். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் உண்மையில் இருப்பதைவிட இரண்டு குறைத்துக் காட்டும்படி வையுங்கள். செய்தி போய்ச் சேர எப்படியும் சில நிமிடம் எடுக்கும், கடைசி இரண்டு பைக்கற்றுக்குத்தான் அடிபிடி வரும். நிலாவெளிப் பக்கம் சுற்றுலா ஆட்கள் வரும் மாதங்களில் கடை மேசையில் விற்பனை கூடும், அப்போது இரண்டை நான்காக்கலாம்.

இதற்கிடையில் கையில் இருக்கும் ஓடர்களை என்ன செய்வது? வரலாற்றைப் பார்த்து, பேய் எண்ணில் விழுந்தவை எவை என்று பிரியுங்கள். நேரத்தால் முந்தியவருக்கு முதலில் அனுப்புங்கள். மீதிப் பேருக்கு இன்றே அழையுங்கள், வட்ஸ்அப்பில் எழுதிவிட்டுக் காத்திராதீர்கள். அடுத்த சரக்கு என்றைக்கு வரும் என்று திட்டமாகச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். முடியாவிட்டால் கட்டிய காசை அன்றே திருப்புங்கள். கட்டாக் கருவாட்டை மட்டும் இன்று முதல் சந்தைத் தளத்திலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள். 37 சோதனையை இன்றிரவே தொடங்கலாம். விடிய என்ன எண் நிற்கிறது, எந்தப் பெயர் இருக்கிறது என்று படம் பிடித்து அனுப்புங்கள், பில் செயலியின் அமைப்புப் பக்கத்தையும் சேர்த்து. அதைப் பார்த்தால் அந்த இரவு ஒத்திசைவை எங்கே அணைப்பது என்று சொல்லிவிடுவேன்.